பாளையமும் வெடிமருந்தும்

சாத்தூருக்குத் தென்மேற்கே உள்ள ஏழாயிரம்பண்ணை என்ற ஊரின் பெயர் விருதுநகர் மாவட்டத்து வாசகர்களுக்குப் புதியதன்று. சிவகாசியைச் சுற்றியுள்ள பட்டாசு வட்டாரத்தில் அதுவும் ஓர் ஊர். ஆனால் 1799ஆம் ஆண்டு வரை அந்த ஊர் ஓர் அரசின் தலைநகராக இருந்தது என்று சொன்னால் பலர் வியப்படைவர். அதற்கெனக் கோட்டை இருந்தது, படை இருந்தது, வரி வாங்கவும் வழக்குத் தீர்க்கவும் உரிமை பெற்ற தலைவர் ஒருவர் இருந்தார். அவரைப் பாளையக்காரர் என்றனர். ஏழாயிரம்பண்ணையைப் போன்றே கோல்வார்பட்டி, சேற்றூர், கொல்லங்கொண்டான் ஆகிய ஊர்களும் இன்றைய விருதுநகர் மாவட்ட எல்லைக்குள் பாளையங்களாக விளங்கின.

ஒரு நாள் நடையில் கடந்துவிடக் கூடிய இத்துணைச் சிறிய அரசுகள் இருநூற்றைம்பது ஆண்டுகள் எவ்வாறு நிலைத்தன? அவ்வளவு காலம் நிலைத்தவை ஒரு சில ஆண்டுகளுக்குள் ஒருசேர வீழ்ந்தது ஏன்? வீரம், துரோகம் என்ற இரு சொற்களால் மட்டும் இக்கேள்விகளுக்கு விடை கூறுவது நம்மிடையே வழக்கமாகி விட்டது. வீரமும் இருந்தது, துரோகமும் இருந்தது. எனினும் அவற்றோடு சேர்த்து எடை போட வேண்டிய வேறு சில பொருள்களும் உண்டு. மண், வெடியுப்பு, பணம், சட்டம் என்பன அவை. இவற்றைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

பாளையம் என்பது யாது?

பாளையம் என்ற சொல்லுக்குப் படை தங்கும் இடம் என்பது பழம்பொருள். ஆகவே பாளையக்காரர் என்பவர் முதலில் ஒரு படைத்தலைவரே. மதுரையில் விசுவநாத நாயக்கர் 1529இல் ஆட்சி தொடங்கினார். அவரும் அவருடைய தளவாய் அரியநாத முதலியாரும் நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்தனர் என்றும், மதுரைக் கோட்டையின் 72 கொத்தளங்களில் ஒவ்வொன்றின் காவலையும் ஒவ்வொரு பாளையக்காரரிடம் ஒப்படைத்தனர் என்றும் மரபு கூறுகிறது. இந்த எண்ணை அப்படியே ஏற்க வேண்டுவதில்லை. காலந்தோறும் சில பாளையங்கள் தோன்றின, சில மறைந்தன. ஆனால் ஏற்பாட்டின் சாரம் தெளிவாகவே உள்ளது.

தொலைவிலுள்ள மன்னர், வறண்ட நிலமும் காடும் கலந்த ஒரு பகுதியைத் தாமே நேரில் ஆளுவதற்கு வேண்டிய ஆட்களும் இல்லை, பணமும் இல்லை. அங்கே ஏற்கெனவே செல்வாக்குப் பெற்ற ஒருவரையோ, தம்முடன் வடக்கிலிருந்து வந்த படைத்தலைவர் ஒருவரையோ அவர் ஏற்றுக் கொள்கிறார். அந்தத் தலைவர் மன்னருக்குக் கப்பம் கட்ட வேண்டும்; போர் வந்தால் படையுடன் வர வேண்டும்; தம் எல்லைக்குள் திருட்டும் கொள்ளையும் நடவாமல் பார்த்துக் கொள்ள வேண்டும். வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு மன்னருக்கு, ஒரு பங்கு படைக்கு, எஞ்சிய பங்கு பாளையக்காரருக்கு என்பது மரபாகச் சொல்லப்படும் கணக்கு. நடைமுறையில் மன்னர் வலுவாக இருந்தபோது கப்பம் ஒழுங்காகச் சென்றது. அவர் தளர்ந்தபோது அது பாளையக்காரரின் பெட்டியிலேயே தங்கி விட்டது.

நிலத்தின் தன்மையை ஒட்டி இரு வகைத் தலைவர்கள் இருந்தனர். மேற்கே மலையடிவாரத்தில் சேற்றூர், கொல்லங்கொண்டான் போன்றவை மறவர் பாளையங்கள். கிழக்கே கரிசல் காட்டில் எட்டயபுரம், பாஞ்சாலங்குறிச்சி, நாகலாபுரம் முதலியவை தெலுங்கு பேசும் நாயக்கர் பாளையங்கள். ஏழாயிரம்பண்ணை கிழக்குப் புறத்தில் அமைந்தும் மறவர் பாளையமாக இருந்தது. இவர்களுக்குள் எல்லைத் தகராறுகளும் பழம்பகைகளும் நிறைய இருந்தன. பின்னர் வரும் கதையைப் புரிந்து கொள்ள இதை நினைவில் வைத்துக் கொள்வது நல்லது.

ஜெர்மனியில் ஒரு பாளையம்

இவ்வகை ஆட்சி நம் நாட்டுக்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டா. இன்று ஒரே நாடாக உள்ள ஜெர்மனி, 17, 18ஆம் நூற்றாண்டுகளில் முந்நூறுக்கும் மேற்பட்ட சிற்றரசுகளாகச் சிதறிக் கிடந்தது. அவற்றுக்கெல்லாம் மேலே புனித ரோமானியப் பேரரசர் என்ற பட்டத்துடன் ஒருவர் இருந்தார். அவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஏழு பெருந்தலைவர்களுக்கு உண்டு என 1356இல் வெளியான பொன்முத்திரைச் சாசனம் வகுத்தது. ஏனைய சிற்றரசர்கள் அந்த ஏழு பேரைப் போன்ற பெருமை பெறாவிடினும் தத்தம் எல்லைக்குள் அரசர்களே.

எடுத்துக்காட்டாக ரொய்ஸ் என்ற சிற்றரசைப் பார்ப்போம். இந்தக் குடும்பத்தின் முன்னோர் மன்னர்கள் அல்லர். பேரரசரின் நிலங்களைக் கவனித்துக் கொள்ள அமர்த்தப்பட்ட காவல் அதிகாரிகள். அந்த அதிகாரிக்கு ஜெர்மன் மொழியில் ஃபோக்ட் என்று பெயர். வரி தண்டுவதும், வழக்குக் கேட்பதும், பாதுகாப்பதும் அவருடைய வேலை. தந்தைக்குப் பின் மகன் என்று அந்த வேலை பரம்பரையாயிற்று. வேலை பரம்பரையானதும் நிலமும் அவர்களுடையது போலாயிற்று. சில நூற்றாண்டுகளில் குடும்பமே ஆளும் குடும்பமாகி விட்டது. அவர்கள் ஆண்ட பகுதி இன்றும் ஃபோக்ட்லாந்து என்றே, அதாவது காவல் அதிகாரியின் நாடு என்றே, வழங்குகிறது. நம் பாளையக்காரர் கதையும் ஏறக்குறைய இதுதான் அன்றோ?

இந்தக் குடும்பத்தில் ஒரு வேடிக்கையான வழக்கம் உண்டு. பேரரசர் ஆறாம் ஹென்ரிக்கின் மேல் கொண்ட நன்றியால், பிறக்கும் ஆண் மக்கள் அனைவருக்கும் ஹென்ரிக் என்றே பெயரிட்டனர். ஆண்டவர், ஆளாதவர் எல்லாருக்கும் வரிசை எண் உண்டு. ஆகவே ஹென்ரிக் 67, ஹென்ரிக் 72 என்றெல்லாம் எண்கள் வளர்ந்தன. மூத்த கிளையினர் நூறு வரை எண்ணிவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினர். இளைய கிளையினர் நூற்றாண்டு மாறும்போது புதிதாக எண்ணத் தொடங்கினர். மூத்த கிளையினர் ஆண்ட நாட்டின் பரப்பு சுமார் 316 சதுர கிலோமீட்டர். இன்றைய விருதுநகர் மாவட்டம் நாலாயிரத்துச் சொச்சம் சதுர கிலோமீட்டர். அதாவது நம் மாவட்டத்துக்குள் அந்த அரசைப் பதின்மூன்று முறை வைக்கலாம்!

ஒரு முக்கியமான வேறுபாட்டையும் குறிப்பிட வேண்டும. ஜெர்மானியச் சிற்றரசர்கள் பலர் நாட்டைச் சொத்துப் போலக் கருதி மக்களிடையே பங்கிட்டனர். அன்ஹால்ட் என்ற நாடு இவ்வாறு பல முறை பிரிந்து அன்ஹால்ட் கோத்தன், அன்ஹால்ட் செர்ப்ஸ்ட் என்று துண்டுகளாயிற்று. நம் பாளையங்களில் மூத்தவருக்கே பட்டம் என்பதும், பாளையம் பங்கு போடத் தகாதது என்பதும் பொது வழக்கு. இதைப் பிற்காலத்து ஆங்கில நீதிமன்றங்களும் ஏற்றுக் கொண்டன. ஆகவே ஜெர்மனியில் பாகப்பிரிவினையால் துண்டுகள் பெருகின; இங்கே பட்டத்துக்கான வழக்குகள் பெருகின.

காவல் என்னும் வருமானம்

பாளையக்காரரின் செல்வாக்குக்கு அடிப்படை காவல். இதில் இரு வகை இருந்தன. ஊருக்குள் களத்தையும் மாட்டையும் வீட்டையும் காப்பது தலக்காவல். திருட்டுப் போனால் காவல்காரர் பொருளை மீட்டுத் தர வேண்டும். இயலாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். இது பழமையான, ஒரு வகையில் நியாயமான ஏற்பாடு. பல ஊர்களையும் வழிகளையும் சேர்த்துப் பாதுகாப்பது தேசகாவல். பாளையக்காரர்கள் தம் எல்லைக்கு வெளியே இருந்த ஊர்களிலும் தேசகாவல் உரிமை கொண்டாடினர்.

இங்கேதான் சிக்கல் தோன்றியது. பணம் பெற்றுக் கொண்டு காப்பவருக்கும், பணம் தராவிட்டால் கொள்ளை வரும் என்று அச்சுறுத்துபவருக்கும் இடையே உள்ள கோடு மிக மெல்லியது. மதுரை அரசு வலுவாக இருந்த காலத்தில் அந்தக் கோட்டைத் தாண்டியவர்களைத் தண்டிக்க ஒருவர் இருந்தார். 1736இல் மதுரை நாயக்கர் ஆட்சி முடிவுற்ற பின் அத்தகையவர் எவரும் இல்லை. ஆர்க்காட்டு நவாபு கப்பம் கேட்டார். கேட்டதைப் பெறத் தம்மிடம் படை போதாமையால் கும்பெனியாரிடம் கடன் வாங்கினார், படையும் வாங்கினார். கடனுக்கு ஈடாகக் கப்பம் வசூலிக்கும் உரிமையே சிறிது சிறிதாகக் கும்பெனியாரிடம் போய்ச் சேர்ந்தது. நவாபும், கும்பெனியும், பாளையக்காரரும் தனித்தனியே கை நீட்டியபோது நீட்டிய கைகளையெல்லாம் நிரப்பியவர் கரிசலில் கம்பும் சோளமும் பருத்தியும் விளைவித்த குடியானவரே. இக்கதையில் அவருடைய பெயர் எங்கும் எழுதப்படவில்லை. ஆனால் கணக்கு முழுவதும் அவருடைய களத்திலிருந்தே தொடங்குகிறது.

கல் சுவரும் மண் சுவரும்

இனி அறிவியலுக்கு வருவோம். ஐரோப்பாவில் இடைக்காலச் சிற்றரசரின் பாதுகாப்பு அவருடைய உயர்ந்த கற்கோட்டையில் இருந்தது. ஏணியையும் அம்பையும் தடுக்க உயரம் போதும். பீரங்கி வந்ததும் அந்த உயரமே தீங்காயிற்று. 1523இல் ஜெர்மனியின் புகழ்பெற்ற வீரத்தலைவர் ஃப்ரான்ஸ் ஃபான் சிக்கிங்கன், தம் நான்ஸ்டைன் கோட்டைக்குள் இருந்து கொண்டு மூன்று பெரிய அரசர்களை எதிர்த்தார். அவர் நம்பியிருந்த சுவர்கள் பீரங்கிகளின் முன் விரைவில் தகர்ந்தன. அவரும் படுகாயமுற்று அந்த ஆண்டு மே 7ஆம் நாள் மாண்டார். சிறு பிரபுக்கள் தனித்து நின்று பேரரசர்களை எதிர்க்கும் காலம் அத்துடன் முடிந்தது.

அதற்கு 278 ஆண்டுகள் கழித்துப் பாஞ்சாலங்குறிச்சியில் நடந்ததைப் பாருங்கள். 1799இல் கட்டபொம்மனின் கோட்டையைக் கும்பெனியார் கைப்பற்றி இடித்தனர். 1801 பிப்ரவரியில் அவருடைய தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்தார். சில நாட்களுக்குள் மக்கள் திரண்டு அதே இடத்தில் கோட்டையை மீண்டும் எழுப்பி விட்டனர். அந்தப் போரில் கலந்து கொண்ட ஆங்கிலப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் அதன் அளவுகளைக் குறித்து வைத்துள்ளார். சுமார் ஐந்நூறு அடி நீளம், முந்நூறு அடி அகலம். சுவர் ஏறக்குறைய பன்னிரண்டு அடி உயரம். முழுவதும் கெட்டியான, ஒட்டும் தன்மையுள்ள மண். சுற்றிலும் அடர்ந்த முள்வேலி. இவ்வளவுதான். ஆயினும் மார்ச் 31ஆம் நாள் நடந்த தாக்குதலில் கும்பெனிப் படை பெருஞ்சேதமுற்றுப் பின்வாங்கியது. பெரிய பீரங்கிகளும் கூடுதல் படையும் வந்து சேர்ந்த பின், மே 24ஆம் நாள்தான் கோட்டை விழுந்தது. கல் தகர்ந்த இடத்தில் மண் எவ்வாறு தாங்கியது?

ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஆறு ராத்தல் குண்டின் நிறை சுமார் 2.7 கிலோகிராம். அது வினாடிக்கு 300 மீட்டர் வேகத்தில் சுவரில் மோதுகிறது என்று வைத்துக் கொள்வோம். அதன் இயக்க ஆற்றல், நிறையின் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்கக் கிடைக்கும்; அதாவது சுமார் 1,21,500 ஜூல். இந்த ஆற்றல் முழுவதையும் சுவர் ஏற்றுக் கொண்டாக வேண்டும். விசையையும் தொலைவையும் பெருக்கினால் ஆற்றல் என்பதை நீங்கள் அறிவீர்கள். கடினமான கல்லில் குண்டு பத்து சென்டிமீட்டர் தொலைவுக்குள் நின்று விடுவதாகக் கொண்டால், சராசரி விசை 12,15,000 நியூட்டன். இது சுமார் 120 டன் எடைக்குச் சமம். மண்ணில் ஒரு மீட்டர் தூரம் புதைந்து நிற்பதாகக் கொண்டால் விசை அதில் பத்தில் ஒரு பங்கே, அதாவது 12 டன் அளவே.

பந்தைப் பிடிக்கும் சிறுவன் கையைப் பின்னுக்கு இழுத்துக் கொள்வதும் இதே தத்துவத்தினால்தான். நிற்கும் தொலைவு கூடினால் விசை குறையும். அன்றியும் கல் நொறுங்கும் இயல்புடையது. அதிர்ச்சி அலை கல்லுக்குள் பரவி விரிசல்களை உண்டாக்குகிறது. அடியில் ஒரு பகுதி பெயர்ந்தால் மேலே உள்ள உயரமான சுவர் தன் எடையாலேயே சரிகிறது. மண்ணில் விரிசல் நெடுந்தூரம் ஓடுவதில்லை. துகள்கள் ஒன்றோடொன்று உராய்ந்து ஆற்றலை வெப்பமாக்கி விடுகின்றன. குண்டு போன வழியில் ஒரு பொந்து மட்டும் எஞ்சும். இரவோடு இரவாக அதை நனைத்த மண்ணால் அடைத்து விடலாம்.

சிக்கிங்கனின் கோட்டை போன்ற பல கோட்டைகள் விழுந்த பின், ஐரோப்பியப் பொறியாளர்களும் இந்தப் பாடத்தைக் கற்றனர். உயர்ந்த கற்சுவரைக் கைவிட்டு, தாழ்ந்து தடித்த மண் அரண்களைக் கட்டலாயினர். ஆகவே பாஞ்சாலங்குறிச்சியின் மண்சுவரைப் பார்த்து ஏழையின் கோட்டை என்று எள்ளி நகையாடுவது பொருந்தாது. அன்றைய போருக்கு அது தக்க பொருள். ஏர் பிடித்த கைகளுக்கு மண்ணின் குணம் தெரிந்திருந்தது.

வெடியுப்பின் கணக்கு

சுவரைப் பொறுத்தவரை சிறியவருக்கும் பெரியவருக்கும் அவ்வளவு வேறுபாடில்லை. வெடிமருந்தில்தான் வேறுபாடு தெரிந்தது. கருமருந்து என்பது வெடியுப்பு 75 பங்கு, கரி 15 பங்கு, கந்தகம் 10 பங்கு சேர்ந்த கலவை. கரியும் கந்தகமும் எரிபொருள்கள். எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனைத் தன்னுள் அடக்கி வைத்திருப்பது பொட்டிலுப்பு எனப்படும் வெடியுப்பு. ஆதலால் காற்றுப் புகாத குழாய்க்குள்ளும் மருந்து எரிகிறது. வாயுக்கள் சூடேறி விரிந்து குண்டைத் தள்ளுகின்றன.

வெடியுப்பு வானத்திலிருந்து விழுவதில்லை. மாட்டுத் தொழுவம் போன்ற இடங்களில் சாணமும் கோமியமும் ஊறிய மண்ணில் நுண்ணுயிர்கள் அதனை உண்டாக்குகின்றன. அந்த மண்ணைக் கரைத்து வடித்துக் காய்ச்சினால் உப்புப் படியும். வேலை மிகுதி, கிடைப்பது சொற்பம். ஒரு பாளையத்தின் தேவைக்கு ஓரளவு செய்து கொள்ளலாம். தொடர்ந்து மாதக்கணக்கில் பீரங்கி முழங்க வேண்டுமானால் அது போதாது. உலகிலேயே மிகுதியாக வெடியுப்புக் கிடைத்த இடங்களுள் பீகார் முதன்மையானது. 1757க்குப் பின் அந்த நிலம் கும்பெனியாரின் பிடிக்குள் வந்தது. அங்கிருந்து கப்பல் கப்பலாக ஏற்றுமதி செய்தவர்களுக்குச் சென்னையிலும் பாளையங்கோட்டையிலும் மருந்துக்குப் பஞ்சம் வருமா?

இன்னொரு கணக்கையும் பாருங்கள். ஆறு ராத்தல் குண்டு ஒன்றைச் செலுத்த அக்காலத்தில் அதன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மருந்து இட்டனர். அந்த மருந்து எரியும்போது வெளிப்படும் ஆற்றலில் சுமார் பத்தில் ஒரு பங்கே குண்டின் வேகமாக மாறுகிறது. எஞ்சியது ஒலியாகவும் ஒளியாகவும் புகையாகவும் வெப்பமாகவும் வீணாகிறது. போர் என்பது இத்தகைய பெரும் வீண்செலவு. அதைத் தாங்கும் கருவூலம் யாருக்கு உண்டோ அவர் பக்கமே நாளடைவில் தராசு சாயும்.

பாளையக்காரரின் வீரர்களிடம் பெரும்பாலும் இருந்தவை பதினெட்டு அடி நீளமுள்ள ஈட்டிகள், வாள், வளரி, திரி வைத்துச் சுடும் பழைய துப்பாக்கிகள். நெருக்கத்தில் நடந்த சண்டைகளில் அந்த ஈட்டிகள் கும்பெனிச் சிப்பாய்களைத் திணற அடித்தன. ஆனால் ஈட்டியின் நீளம் பதினெட்டு அடிதான். பீரங்கியின் நீளமோ கல்கத்தா வரைக்கும்!

1799 முதல் 1801 வரை

நடந்தவற்றைச் சுருக்கமாகக் கூறுவோம். நெற்கட்டும்செவலின் புலித்தேவர் 1750களிலேயே நவாபுக்கும் கும்பெனிக்கும் எதிராகச் சில பாளையங்களை ஒன்று சேர்த்தார். 1761இல் யூசுப்கான் அவருடைய கோட்டைகளைப் பிடித்தார். அந்த யூசுப்கானையே 1764இல் மதுரையில் கும்பெனியாரும் நவாபும் தூக்கிலிட்டனர். 1799 செப்டம்பர் 5ஆம் நாள் மேஜர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார். கோட்டையை விட்டு வெளியேறிய கட்டபொம்மன், புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்களிடம் பிடிபட்டு, அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார்.

அதே மாதத்தில் பாஞ்சாலங்குறிச்சி, ஏழாயிரம்பண்ணை, நாகலாபுரம், கோல்வார்பட்டி, காடல்குடி, குளத்தூர் ஆகிய ஆறு பாளையங்களைக் கும்பெனியார் பறிமுதல் செய்தனர். மற்றப் பாளையக்காரர்களும் கோட்டைகளை இடித்துவிட வேண்டும், ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்று கட்டளை பிறந்தது. 1801இல் ஊமைத்துரையும் சிவகங்கையின் மருது சகோதரர்களும் மீண்டும் எழுந்தனர். அந்த அக்டோபரில் மருதிருவரும் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை தரைமட்டமாக்கப்பட்டு உழப்பட்டது. இன்று அங்கே நாம் காணும் நினைவுக்கோட்டை 1974இல் தமிழக அரசு கட்டியது. அதன் அழகைக் கண்டு களிக்கும்போது, பழைய கோட்டை பன்னிரண்டு அடி உயர மண்சுவர்தான் என்பதையும் நினைத்துக் கொள்ள வேண்டும். அவ்வாறு நினைப்பதால் அங்கே போரிட்டவர்களின் பெருமை கூடுமே தவிரக் குறையாது.

எட்டயபுரம் கும்பெனியின் பக்கம் நின்றது. பழைய எல்லைப் பகையும், தன் பாளையம் நிலைக்க வேண்டும் என்ற கணக்கும் அதில் இருந்தன. அதைச் சரி என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நவாபும் கும்பெனியும் ஒருவரை ஒருவர் மீது ஏவி விட்ட சூழலில், ஒவ்வொரு சிற்றரசும் தன் அண்டை அரசையே முதல் எதிரியாகக் கருதியது என்பதை மறக்கவும் கூடாது. ஜெர்மனியிலும் நெப்போலியன் வந்தபோது இதுவேதான் நடந்தது.

குடை போனபோது

1803ஆம் ஆண்டு இரு நாடுகளின் வரலாற்றிலும் ஒரே விதமாக அமைந்தது குறிப்பிடத் தக்கது. அந்த ஆண்டு பிப்ரவரி 25ஆம் நாள், நெப்போலியனின் அழுத்தத்தால் ஜெர்மனியின் பேரரசு மன்றம் ஒரு தீர்மானம் செய்தது. அதன்படி நூற்றுக்கும் மேற்பட்ட சிற்றரசுகளும் சமய ஆட்சிகளும் தன்னாட்சி நகரங்களும் பெரிய அரசுகளுடன் இணைக்கப்பட்டன. 1806இல் பேரரசே கலைந்தது. அதே 1803இல் திருநெல்வேலிச் சீமையின் எஞ்சிய பாளையங்கள் நிரந்தரத் தீர்வையின்கீழ் ஜமீன்களாயின. நேற்று வரை படை வைத்து ஆண்டவர்கள் இன்று சன்னத்துப் பெற்று, குறித்த நாளில் தீர்வை கட்டும் நிலக்கிழார்களானார்கள். காவல் உரிமையும் ஆயுதமும் அவர்களிடமிருந்து நீங்கின.

இரண்டையும் ஒப்பிட்டால் ஓர் உண்மை விளங்கும். சிக்கிங்கனின் சுவர் விழுந்த பின்னும் ரொய்ஸ் போன்ற சிற்றரசுகள் முந்நூறு ஆண்டுகள் பிழைத்திருந்தன. அவர்களைக் காத்தது சுவரன்று. பேரரசின் சட்டமும், 1495இல் நிறுவப்பட்ட பேரரசு நீதிமன்றமும் ஒரு குடை போல் அவர்கள் மேல் கவிந்திருந்தன. பெரியவர் சிறியவரை விழுங்க வந்தால் சிறியவர் முறையிட ஓர் இடம் இருந்தது. நம் பாளையங்களுக்கு மதுரை அரசு அத்தகைய குடையாக இருந்தது. 1736இல் அது சாய்ந்தது. அதன் பின்னர் அவர்கள் முறையிடுவதற்கு நடுநிலையான இடமே இல்லை. அறுபத்தைந்து ஆண்டுகள் மண்சுவரையும் ஈட்டியையும் கொண்டு அவர்கள் தாக்குப் பிடித்ததே வியப்பு.

சிலர் பிழைத்தும் கொண்டனர். ரொய்ஸ் 1918 வரை நீடித்தது. லீக்டன்ஸ்டைன் என்ற 160 சதுர கிலோமீட்டர் சிற்றரசு இன்றும் தனி நாடாகவே உள்ளது. இங்கே புதுக்கோட்டை 1948 வரை தனிச் சமஸ்தானமாக இருந்து, அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் இந்தியாவுடன் இணைந்தது.

ஜமீன்களின் கொடையும் கடனும்

போரற்ற சிற்றரசர்கள் கலைக்குத் திரும்பினர். அன்ஹால்ட் கோத்தன் சிற்றரசரிடம் 1717 முதல் 1723 வரை இசைத்தலைவராகப் பணியாற்றியவர் மேதை பாக். நம் எட்டயபுரத்தில்தான் முத்துசாமி தீட்சிதர் 1835இல் மறைந்தார். அவர் மரபில் வந்த சுப்பராம தீட்சிதரின் பெருநூலான சங்கீத சம்பிரதாய பிரதர்சினி 1904இல் அங்கேயே அச்சாயிற்று. விருதுநகர் மாவட்டத்துப் பாலவநத்தம், பாளையமாக இருந்ததன்று. சேதுபதி குடும்பத்தைச் சார்ந்த ஜமீன். அதன் தலைவர் பாண்டித்துரைத் தேவரே 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவர். 1906இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனிக்கும் அவரே தலைவராக இருந்தார்.

இந்தப் பெருமைகளுக்கு மறுபக்கமும் உண்டு. கொடை அளித்த பணம் குடியானவரின் வாரத்திலிருந்து வந்தது. ஜமீன் நிலத்தில் உழுதவருக்கு அந்த நிலத்தில் நிலையான உரிமை உண்டு என்று சட்டம் தெளிவாகக் கூற 1908 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் ஜமீன்களையே ஒழித்து, நிலத்தை ரயத்துவாரி முறைக்குக் கொண்டு வந்தது. பாளையம் என்ற ஏற்பாட்டின் கடைசி நிழலும் அத்துடன் மறைந்தது.

பட்டாசுக்கும் பாளையத்துக்கும் உறவுண்டா?

ஒரு கேள்வி உங்களுக்கு எழலாம். பாளையக்காரர்களின் வெடிமருந்துக் கலைதான் இன்றைய சிவகாசிப் பட்டாசாக வளர்ந்ததோ? கேட்க இனிமையான எண்ணம். ஆனால் சான்று அப்படிக் கூறவில்லை. 1801 டிசம்பரில் வெளியான அறிவிப்பு தென்னாட்டு மக்கள் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்தது. அதன் பின் நூறாண்டுகளுக்கு மேல் இடைவெளி உள்ளது. சிவகாசியின் தொழில் தீப்பெட்டியில் தொடங்கியது. 1922இல் கல்கத்தாவுக்குச் சென்று அதைக் கற்று வந்த சண்முக நாடாரும் அய்ய நாடாரும் 1923இல் அதனை இங்கே தொடங்கினர். பட்டாசு அதன் பின் வந்தது. அரச குடும்பத்தின் மரபுரிமையாக வராமல், மழை குறைந்த நிலத்தில் பிழைப்புத் தேடியவர்களின் முயற்சியாக வந்த தொழில் இது.

ஆயினும் ஓர் இணைப்பு உண்டு. வெடிமருந்து யார் கையில் இருக்கலாம் என்று தீர்மானிப்பது அரசின் அடையாளம். பாளையக்காரர் தம் கோட்டைக்குள் மருந்து சேர்த்தது அதனால்தான். கும்பெனியார் முதலில் அதைப் பறித்ததும் அதனால்தான். 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின்கீழ் இன்று நம் ஊர்ப் பட்டாசு ஆலைகள் உரிமம் பெறுவதும் அந்த வரிசையில் வருவதே. அந்த அதிகாரத்துக்கு இன்று வேறு ஒரு கடமை உண்டு. ஒரு கொட்டகையில் எவ்வளவு மருந்து இருக்கலாம், எத்தனை பேர் அமரலாம் என்ற விதிகள் காகிதத்தில் நின்று விடாமல் தொழிலாளியின் உயிரைக் காக்க வேண்டும். காவல் கூலி வாங்கியவர் ஈடு கட்ட வேண்டும் என்பது நம் பழைய ஊர் நியாயம். உரிமம் வழங்கும் அரசுக்கும், உரிமம் பெறும் முதலாளிக்கும் அது பொருந்தும்.

வாசகர்களே, 1910க்கு முன் சாத்தூரும் ஸ்ரீவில்லிபுத்தூரும் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தன. பின்னர் இராமநாதபுரம் மாவட்டம், 1985 முதல் விருதுநகர் மாவட்டம். ஆகவே ஏழாயிரம்பண்ணையின் வரலாற்றைத் தேடும் மாணவர் திருநெல்வேலியைப் பற்றிய நூல்களில் தேட வேண்டும். கால்டுவெல் 1881இல் எழுதிய வரலாறு அவற்றுள் ஒன்று. நூல்களில் இல்லாதது நம் ஊர்களில் இருக்கிறது. கோட்டைமேடு என்ற பெயரில் ஒரு திடல், அகழி போன்ற ஒரு பள்ளம், கோயில் சுவரில் ஒரு கல்வெட்டு, முதியவர் ஒருவர் சொல்லும் காவல் கதை எதுவும் அற்பமன்று. மண்கோட்டை கல்லைப் போல் நின்று சாட்சி சொல்லாது. ஒரு முறை உழுதால் வயலோடு வயலாகி விடும். உங்கள் ஊரில் அத்தகைய மேடு இருந்தால், பொக்லைன் இயந்திரம் வருவதற்கு முன் ஒரு நாடாவை எடுத்துக் கொண்டு போய் அதன் நீள அகல உயரங்களை அளந்து எழுதி வையுங்கள். வெல்ஷ் குறித்து வைத்த நாலு அளவுகள்தாம் பாஞ்சாலங்குறிச்சியை இன்று நாம் கணக்கிட்டுப் பார்க்க உதவின. அவர் எதிரிப் படையின் அதிகாரி. நம் ஊரை நாமே அளந்து வைப்பது அதைவிட எளிதான வேலை.